கரடி இல்லாத வழி

யார் எதைச் சொன்னாலும் அந்த அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

“கண்ணா, காதா, வாயா?”

நீ கண்ணால் பார்த்தாயா, காதால் சத்தம் கேட்டாயா, இல்லை வேறு யாரோ வாயால் சொன்னதைக் கொண்டுவந்தாயா என்று அர்த்தம். சிறுத்தை ஆட்டைத் தூக்கிப் போய்விட்டது என்று ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாலும், இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை அவர் நகர மாட்டார். கண்ணு என்றால் எழுந்து கூடவே போவார். வாய் என்றால், “செரி, வாய்” என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கிற வேலையைத் தொடர்வார். நம்பவில்லை என்பதல்ல. அந்தச் சேதியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் எழுதக்கூடாது. போய்க் கேட்கிற முகம் எனக்கில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஜவ்வாது மலையில் எனக்கு மலேரியா வேலை. ஒவ்வோர் ஊருக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நடந்து போக வேண்டும். காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்து, வந்து போனதற்கு அடையாளமாக வீட்டுச் சுவரில் காவியால் தேதி எழுத வேண்டும். என் பொறுப்பில் இருந்த ஊர்களில் கோடியில் இருந்ததைக் கடைசி ஊர் என்றே நாங்கள் சொல்வோம். இருபது வீடு இருக்கும். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அங்கே போக இரண்டு வழி. ஒன்று ஓடையை ஒட்டிப் போகும், ஒன்றரை மணி நேர நடை. இன்னொன்று பெரும் பாறைகளுக்கு நடுவே ஏறி இறங்கும், அரை மணி கூடுதல். அவர் அந்தக் கடைசி ஊர்க்காரர்.

முதல் தடவை ஓடை வழியில் போகும்போதே அவரிடம் திட்டு வாங்கினேன். எதிரே ஒரு பெண் தலையில் கூடையோடு, துணைக்கு ஆளில்லாமல், உரத்த குரலில் யாரையோ ஏசிக்கொண்டே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சித்தம் சரியில்லாதவர் போலிருக்கிறது என்று ஒதுங்கி நின்றேன். என்னைக் கண்டதும் ஏச்சை நிறுத்தினார்.

“யாரு நீ? வாய் இல்லியா உனக்கு?”

“மலேரியாங்க.”

“மலேரியான்னா வாய் இருக்காதா? பூனை மாதிரி வர்றியே. கரடி கறையான் புத்தைத் தோண்டிக்கினு இருந்தா அதுக்குக் காது கேக்காது. கண்ணும் பத்தாது. நீ பாட்டுக்குக் கிட்டப் போய் நிப்ப. அது திடுக்குனு திரும்பும். பயத்துல அடிக்கும். சத்தம் போட்டுக்கினு போ சார்.”

“என்னன்னு சத்தம் போடறது?”

“உன் வூட்ல இன்னா கொழம்புன்னு சொல்லிக்கினு போ.”

அவர் என்னை ‘சார்’ என்பார், அதே மூச்சில் ‘வா’, ‘போ’ என்பார். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

காட்டில் நடக்கும்போது அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை. புருஷனோடு காலையில் போட்ட சண்டை, நாத்தனார் கேட்டு வாங்கிப்போய்த் திருப்பித் தராத முறம், எல்லாவற்றையும் மரங்களுக்குச் சொல்லிக்கொண்டே போவார். வளைவு வந்தால் குரல் இன்னும் ஏறும். காற்று எதிரே அடித்தால் நின்று கைதட்டுவார். அப்படி அடித்தால் நம் வாடை அதற்குப் போகாதாம். அந்தக் குடும்பத்து வழக்கு அத்தனையும் அந்தக் காட்டுக்குத் தெரிந்திருக்கும்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே கரடிக்கதைக்குப் பஞ்சமே இல்லை. மரம் ஏலம் எடுக்கச் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர் ஒருவர், ஆண் கரடி பெண்களைத் தூக்கிப் போய்க் குகையில் வைத்துக்கொள்ளும் என்று கண்ணை உருட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் எதிரே குந்தினார்.

“கண்ணா, காதா, வாயா?”

“என்னம்மா?”

“எந்த ஊரு பொம்பளைய தூக்கினு போச்சு? அவ பேரு இன்னா? புருஷன் பேரு சொல்லு.”

“எல்லாரும் சொல்றதுதாம்மா.”

“எல்லாரும்னு ஒரு ஆளு இந்த மலையில கிடையாது சார். எவளாவது எவங்கூடவாவது போயிருப்பா. கரடி மேல பழியப் போட்டுட்டானுங்க.”

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது வேடிக்கை இல்லை. கரடியைப் பற்றி ஒரு பொய் புழங்கினால் அது யாரையாவது கடித்தே தீரும் என்பது அவர் எண்ணம். “அது பொல்லாததுதான், நான் இல்லன்னு சொல்லல. பொல்லாததப் பத்திச் சரியாத் தெரிஞ்சுக்கோணும். ஆட்டுக்குட்டியப் பத்தித் தப்பாத் தெரிஞ்சா இன்னா ஆயிடப்போவுது?” என்று ஒருதரம் என்னிடம் சொன்னார்.

வழியில் கரடி எச்சம் கிடந்தால் குச்சியால் கிளறி எனக்குக் காட்டுவார். கொன்றைக்காய் விதையா, கறையானா, நாவல் கொட்டையா என்று பார்ப்பார். எதைத் தின்கிறதோ அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பார். கறையான் தின்றுவிட்டு வருகிற கரடியின் மூக்கில் செம்மண் ஒட்டியிருக்கும் என்றும், தாய்க்கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும் என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தை, மாசியில் அது குட்டிகளோடு பாறைக் குகையில் இருக்கும். அந்த இரண்டு மாதமும் பாறை வழியில் யாரும் போகக் கூடாது என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். ஊரும் கேட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. “ஆண் கரடி குட்டியைக் கொல்லுமா அக்கா?” என்று கேட்டேன். “தெரியாது சார். நான் பாக்கல” என்றார். அவர் தெரியும் என்று சொன்னதை அந்த ஊர் அப்படி நம்பியதற்குக் காரணம் இந்தத் ‘தெரியாது’தான்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அவர் வீட்டுச் சுவரில் நான் எழுதிய தேதிகள் வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் எத்தனையோ தடவை அங்கே சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த மாசி மாதம் நான் புதுச் செருப்பு வாங்கியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசி ஊருக்குப் போகிற முறை. ஓடை வழியில் கால்வாசி தூரம் போவதற்குள் செருப்பு கடித்து இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தின்றேன். தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது. நான் செய்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை எங்கள் இன்ஸ்பெக்டர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

“கடைசி ஊருக்குப் போலாம், வா. நேத்து தேதி போட்டியா?”

சுவரில் தேதி இல்லை. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

“இல்ல சார். பாதி வழியில கரடி. ஓடையில நின்னுச்சு. திரும்பிட்டேன்.”

அவர் முகம் மாறியது. “உயிர் முக்கியம்ப்பா” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த வேறு ஊரைப் பார்க்கப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதுகூட அந்த நிம்மதி நினைவிருப்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சேதி அன்று மதியத்துக்குள் கடைசி ஊருக்குப் போய்விட்டது. சாயங்காலம் அக்காவே வந்துவிட்டார், ஓடை வழியாக, இடமெல்லாம் பார்த்துக்கொண்டு.

“தடம் தெரியல சார். மாடு ஓட்டிக்கினு போயிட்டானுங்க, எல்லாம் மிதிபட்டுப் போச்சு” என்றார். பிறகு என் எதிரே குந்தினார்.

“கண்ணா, காதா, வாயா?”

காது என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். ஏதோ உறுமியது, ஓடிவந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். ஆனால் கடையில் காலையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அப்போதும் இருந்தார்கள். பார்த்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்லியாகிவிட்டது.

“கண்ணு” என்றேன்.

“எத்தன அடி தூரம்?”

“இருபது அடி இருக்கும்.”

“எப்படி இருந்துச்சு? சொல்லு.”

“மூக்குல செம்மண் ஒட்டிக்கினு இருந்துச்சு அக்கா.”

அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. சரி, இவன் பார்த்திருக்கிறான் என்று நம்பிய முகம் அது.

“குட்டி?”

“ரெண்டு. முதுகு மேல.”

மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தார். “அப்ப பாறைய வுட்டு இறங்கிடுச்சு. இந்த வருசம் சீக்கிரம் இறங்கிடுச்சு. செரி, நல்ல வேளை சொன்ன சார்” என்று எழுந்துகொண்டார். இத்தனைக்கும் எனக்கு அப்போது புரியவில்லை. என் பொய்யை அவர் எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவார் என்று நான் யோசிக்கவே இல்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் மனசில் ஓடியது.

அது புளி இறக்குகிற பருவம். வெள்ளிக்கிழமை கடைசி ஊர்ப் பெண்கள் ஆறு பேர் புளிக்கூடைகளோடு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ஓடையில் குட்டியோடு கரடி இருக்கிறது, பாறை காலியாக இருக்கும் என்று சொல்லி, அவரே முன்னால் நடந்து அவர்களைப் பாறை வழியில் கூட்டி வந்தார். வழக்கம்போல் சத்தமாகப் பேசிக்கொண்டேதான் வந்தாராம். குகை வாசலுக்கு நேரே வரும்போது காற்று எதிரே அடித்தது. கூடையைப் பிடித்திருந்ததால் கைதட்ட முடியவில்லை.

குட்டிகளோடு குகையில் இருந்த கரடி அவரை அடித்துவிட்டது. கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். டீக்கடை வாசலில் இறக்கினார்கள். என் பையில் இருந்த பஞ்சு முழுவதையும் எடுத்து அவர் முகத்தின் இடது பக்கத்தில் வைத்து அழுத்தினேன். அத்தனையும் நனைந்தது. அவருக்கு நினைவு இருந்தது. வலது கண்ணால் என்னைப் பார்த்தார். உதட்டின் ஒரு பாதி மட்டும் அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“சார்… ரெண்டு கீது சார். நீ பாத்தது ஒண்ணு. இது ஒண்ணு. எல்லார்க்கும் சொல்லு.”

புளி ஏற்றவந்த லாரியில் போளூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடது கண் போயிற்று. கன்னத்தைத் தைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மலைக்குத் திரும்பினார்.

அதற்குள் கடைசி ஊர் இரண்டு வழியையும் விட்டுவிட்டது. ஓடையில் ஒரு தாய், பாறையில் ஒரு தாய். மலை முதுகைச் சுற்றி வரும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. பஸ்ஸுக்கு வர மூன்றரை மணி நேரம் ஆகும். காய்ச்சல் கண்டவர்களை அதில் தூக்கி வந்தார்கள். நிறைமாதக்காரி ஒருத்தியை அதில் தூக்கி வந்தார்கள். நானும் அதில்தான் போய் வந்தேன். கரடியைப் பார்த்தவன் ஓடை வழியில் எப்படிப் போவது? ஒரு நாள் நடைக்குச் சோம்பியவன் ஒரு வருஷம் சுற்றி நடந்தேன்.

அவர் என்னிடம் முன்னைவிடப் பிரியமாகத்தான் இருந்தார். பஞ்சு வைத்து அழுத்திய கையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. வயிறு சரியில்லை என்பேன். அதுவும் பொய்.

தை பிறந்ததும் என்னைத் தேடி வந்தார். “புளி இறக்கணும். இவ்ளோ சுத்திக்கினு சுமை தூக்க முடியாது. உன் கரடி எங்க நின்னுச்சு, எங்க போச்சுன்னு எடத்தக் காட்டு. அதுக்கு எங்க தீனின்னு பாத்தா, எப்ப வரும் எப்ப வராதுன்னு சொல்லிடலாம்” என்றார்.

இருவரும் ஓடை வழியில் இறங்கினோம். அவர் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். தைத்த கன்னம் இழுத்ததால் சொற்கள் குழறின. நான் ஏதோ ஒரு பாறையைக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பதற்காகத் தலையை முழுசாகத் திருப்பித் திருப்பி, புற்று இருக்கிறதா, கொன்றை இருக்கிறதா என்று அந்த இடத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினார். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இங்க அதுக்கு ஒண்ணுமே இல்லியே சார். எதுக்கு வந்துச்சு? குட்டியத் தூக்கிக்கினு எதுக்கு இவ்ளோ தூரம் வந்துச்சு? எனக்கு வெளங்கலியே.”

அந்தத் தலை திரும்புவதை என்னால் பார்க்க முடியவில்லை.

“அக்கா, கரடி இல்ல.”

“இன்னா?”

“அன்னைக்கு இங்க கரடி இல்லக்கா. நான் பாக்கல. கால்ல கொப்புளம். மரத்தடியில தூங்கிட்டேன். இன்ஸ்பெக்டருக்குப் பயந்து சொன்னேன்.”

“மூக்குல மண்ணு?”

“நீங்க சொன்னதுதான்.”

“குட்டி ரெண்டு?”

“அதுவும் நீங்க சொன்னதுதான்க்கா.”

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டார்.

“அப்ப அது பாறைய வுட்டு இறங்கவே இல்ல.”

“இல்லக்கா.”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான்.”

“ரெண்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சேனே” என்றார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கு அவர் இடம் தரவில்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம ஊருக்கு வா. எல்லாரையும் உக்கார வெக்கிறேன். நீ வந்து சொல்லு. நான் சொன்னா அது வெறும் வாய். எவனும் நம்ப மாட்டான்.”

“வர்றேன்க்கா.”

அவர் தன் ஊரைப் பார்த்து நடந்தார். வளைவில் மறையும்வரை நின்றேன். ஒரு சத்தமும் இல்லாமல் போனார். அவர் காட்டில் அப்படி நடந்து நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை போளூரிலிருந்து பஸ் ஏறினேன். மலையில் இறங்கவும் இறங்கினேன். டீக்கடைக்காரர், “இன்னா விசேசம் சார்? கடைசி ஊர்ல உனக்காக எல்லாம் வேலைய வுட்டுட்டு உக்காந்துக்கினு கீறாங்களாமே” என்றார். அந்த ஆறு பெண்களின் முகங்களும் அவர்கள் புருஷன்மார்களின் முகங்களும் எனக்குத் தெரியும். அவருடைய புருஷனையும் தெரியும். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. வந்த பஸ் திரும்பி நின்றுகொண்டிருந்தது. அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பிறகு யார் யாரையோ பிடித்துச் செங்கம் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் மூன்று வருஷம் போயிருக்கும். செங்கம் சந்தையில் புளி வாங்கிக்கொண்டிருந்தேன். விற்றவன் இளைஞன். எந்த ஊர்ப் புளி என்று கேட்டேன். மலைப் புளி என்று சொல்லிக் கடைசி ஊரின் பெயரைச் சொன்னான். அங்கே போன வருஷம் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவனாம். அவனுக்கு என்னைத் தெரிய வாய்ப்பில்லை.

“கரடி உண்டாமே அங்க?” என்றேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“உண்டு சார். எங்க ஊர்ல ஒரு அக்காவுக்கு மூஞ்சியில ஒரு பக்கமே இல்ல. எவனோ மலேரியாக்காரன் ஓடையில கரடின்னு பொய் சொல்லி, அத நம்பி வேற வழியில போய் அடி வாங்கிச்சு. அப்பறம் ஓடையில கரடியே இல்ல, அவன் பொய் சொன்னான்னு அந்த அக்கா சொன்னா ஒருத்தரும் நம்பல. முன்ன ரெண்டுன்ன, இப்ப ஒண்ணுன்ற, கரடி அடிச்சதுல உனக்குத் தலை கலங்கிப் போச்சுன்னுட்டாங்க. அவனே வந்து சொல்லுவான்னு ஊர உக்கார வெச்சுதாம். பொழுது சாயற வரைக்கும் பாத்தாங்களாம். அவன் வரல.”

“அப்புறம்?”

“அப்பறம் இன்னா, அடுத்த நாளே அது தனியா ஓடை வழியில நடக்க ஆரம்பிச்சிடுச்சு. தெனம் காலையில வெறுங்கூடையத் தலையில வெச்சுக்கினு பஸ்ஸு வரைக்கும் போய்ட்டு வரும். தை, மாசி ரெண்டு மாசமும். எல்லாரும் சிரிச்சாங்களாம். அடுத்த வருசம் கூட ரெண்டு பொம்பளைங்க போனாங்க. இப்ப ஊரே அதுலதான் சார் போவுது.”

புளியைக் காகிதத்தில் வைத்து மடித்துச் சணல் சுற்றினான். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“ஏன் சார், அந்தப் பக்கம்லாம் வந்துக்கிறியா நீ?”

“இல்லப்பா” என்றேன்.